இரண்டு வட்டிலும் ஒரே செக்சம் பிழை: வட்டுக் கோளாறா, ரேம் கோளாறா? (பிடிஆர்எஃப்எஸ், ரெய்டு1)

பதிவு 1 · ஓடைக்கல்

இரண்டு 4 டெராபைட் சுழல்வட்டுகள். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை. டேட்டா, மெட்டாடேட்டா (கோப்புகள் எங்கே எப்படி உள்ளன என்ற விவரம்) இரண்டுமே ரெய்டு1, அதாவது வட்டுக்கு ஒரு பிரதி. கெர்னல் 6.6, செக்சம் (டேட்டா மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) இயல்பான சிஆர்சி32சி, கம்ப்ரஷன் இல்லை. கோப்புகளை வாசிக்கும்போது "இன்புட்/அவுட்புட் எரர்" வருகிறது. டிமெசெக்கில் (கெர்னலின் செய்திப் பதிவு) மூன்று வகை வரிகள்:

அ) ரூட் 256, ஐநோட் 48213, ஆஃப்செட் 73728. மிரர் 1, மிரர் 2 (ரெய்டு1-இன் இரண்டு பிரதிகள்) இரண்டிலும் "செக்சம் ஃபெயில்டு". கணக்கிட்ட மதிப்பு இரண்டு வரியிலும் ஒன்றே. இது ஒரு பழைய படத்தொகுப்புக் கோப்பு.

ஆ) ரூட் 261, ஐநோட் 912, வெவ்வேறு ஆஃப்செட்டில் பதினொரு வரி. இது மெய்நிகர் கணினியின் வட்டுப்படிமம்.

இ) ரூட் 256, பல ஐநோட்கள், எல்லாம் மிரர் 2 மட்டும். வாசிப்பு தோற்கவில்லை, "ரீட் எரர் கரெக்டட்" என்று வருகிறது.

டிவைஸ் ஸ்டாட்ஸ்: முதல் வட்டில் கரப்ஷன் 6. இரண்டாம் வட்டில் கரப்ஷன் 29, ஜெனரேஷன் 2. ரீட், ரைட், ஃப்ளஷ் எண்ணிக்கை இரண்டிலும் பூஜ்யம். எங்கிருந்து தொடங்குவது?

பதிவு 2 · நீலத்திரை

இரண்டாம் வட்டு போய்விட்டது என்று தோன்றுகிறது. வட்டை மாற்றுங்கள். அதற்கு முன் அன்மவுன்ட் செய்து 'பிடிஆர்எஃப்எஸ் செக்' கட்டளையை ரிப்பேரோடு ஓட்டிப் பார்க்கலாமே?

பதிவு 3 · வேர்முனை

ரிப்பேர் வேண்டாம். காரணம் தெரியும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம். 'செக்' சரிபார்ப்பது மெட்டாடேட்டா மரங்களின் கட்டமைப்பை. டேட்டா பிளாக்குகளின் செக்சத்தை, தனியாகக் கேட்டால் ஒழிய, அது தொடுவதில்லை. இங்கே செக்சம் பிழையெல்லாம் டேட்டாவில் இருக்கிறது, ஆக ரிப்பேருக்கு இங்கு வேலையே இல்லை. ரேம் பழுதாக இருந்தால் இன்னும் மோசம். பழுதான ரேம் வழியாகவே மரங்களைத் திருத்தி எழுதும், இப்போது நன்றாக இருக்கும் மெட்டாடேட்டாவும் கெடும்.

செக்சம் மரத்தையே புதிதாகக் கட்டும் இன்னொரு விருப்பத்தையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அது கெட்ட பிளாக்குக்கு அப்படியே புதுச் செக்சம் போட்டுவிடும். பிழைச் செய்தி மறையும், கோப்பு கெட்டபடியே இருக்கும், எந்த பிளாக் கெட்டது என்ற ஒரே சாட்சியும் அழியும்.

இப்போதைக்கு: மவுன்ட்டை வாசிப்பு மட்டும் என்று மாற்றுங்கள். பேலன்ஸ், டீஃப்ராக், டீடூப் எதையும் ஓட்ட வேண்டாம். ஸ்க்ரப் (எல்லா பிளாக்கையும் வாசித்துச் செக்சம் சரிபார்ப்பது) ஓட்ட வேண்டுமானால் 'ஆர்' விருப்பத்தோடு, அதாவது திருத்தாமல், வாசித்து மட்டும் பார்க்கும்படி.

பதிவு 4 · அடுக்குமரம்

ஓடைக்கல் வரிகளை வகை பிரித்துக் கொடுத்தது பெரிய உதவி. இவை ஒரே கோளாறின் மூன்று முகங்கள் அல்ல என்பது என் கணிப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுதும் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா முதலில் ரேமில் இருக்கிறது. எழுதப் போகும் நேரத்தில் 4 கிபிபைட் பிளாக் ஒவ்வொன்றுக்கும் செக்சம் கணக்கிடப்படுகிறது. பிறகு அதே ரேம் பக்கம் இரண்டு வட்டுக்கும் அனுப்பப்படுகிறது. வட்டிலோ கேபிளிலோ கெட்டால் ஒரு பிரதி மட்டும் கெடும். இரண்டு தனித்தனி வட்டுகள் ஒரே பிளாக்கில், ஒரே விதமாக, ஒரே தவறான மதிப்பு வரும்படி கெடுவது நடைமுறையில் நடக்காது. அப்படி நடந்திருந்தால் டேட்டா இரண்டாகப் பிரியும் முன்பே கெட்டிருக்கிறது. அதாவது செக்சம் போட்ட பிறகு, வட்டுக்குக் கிளம்பும் முன், ரேமில்.

எனவே 'அ' வரிக்கு முதல் சந்தேகம் ரேம். வட்டை மாற்றினால் அது தீராது.

ஒற்றை வட்டில் மெட்டாடேட்டாவை டூப் வகையில் (ஒரே வட்டில் இரண்டு பிரதி) வைத்திருப்பவர்களுக்கும் இதே தர்க்கம்தான். இரண்டு பிரதியும் ஒரே நினைவகப் பக்கத்திலிருந்து போவதால், ரேமில் புரண்ட பிட் இரண்டிலும் ஒன்றுபோல் உட்காரும். டூப் வட்டுப் பழுதுக்குத்தான் காப்பு, ரேம் பழுதுக்கு அல்ல.

'இ' பற்றி ஒரு கேள்வி: கணக்கிட்ட செக்சம் எல்லா வரியிலும் 8941எஃப்998 என்று வருகிறதா? பழைய கெர்னல்களில் அதே மதிப்பு பைட் வரிசை திருப்பி 98எஃப்94189 என்று அச்சாகும்.

பதிவு 5 · ஓடைக்கல்

ஆம்! 'இ' வகை வரிகள் 23, எல்லாவற்றிலும் அதே 8941எஃப்998. எப்படித் தெரிந்தது?

பதிவு 6 · அடுக்குமரம்

அது 4096 பூஜ்ய பைட்டுகளின் சிஆர்சி32சி மதிப்பு. மனப்பாடமாக வைத்துக்கொள்ளத் தக்க ஒரே செக்சம் இதுதான். அது தெரிந்தால், அந்த இடத்தில் கெட்ட டேட்டா இல்லை, டேட்டாவே இல்லை என்று பொருள். திடநிலை வட்டாக இருந்தால் டிரிம் (பயன்படாத இடத்தை விடுவிக்கும் கட்டளை) தவறான இடத்தை அழித்ததா என்று பார்ப்பேன். சுழல்வட்டில், புதிய இடத்துக்குப் போக வேண்டிய எழுத்து போய்ச் சேரவில்லை என்பதே முதல் ஊகம். ஜெனரேஷன் எண்ணிக்கை 2 இருப்பதும் அதோடு பொருந்துகிறது. மெட்டாடேட்டா பிளாக் ஒன்றின் பழைய பதிப்பே வட்டில் இருக்கிறது, புதியது எழுதப்படவில்லை.

வட்டு "எழுதிவிட்டேன்" என்று சொல்லி, தன் கேஷில் வைத்திருந்ததை இழந்திருக்கிறது. கெர்னலுக்கு ஒரு பிழையும் திரும்பி வரவில்லை, அதனால்தான் ரைட் எண்ணிக்கை பூஜ்யம்.

பதிவு 7 · நீலத்திரை

அப்படியானால் சாட்டா கேபிள்? ஸ்மார்ட் பட்டியலில் (வட்டு தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் எண்கள்) 199 பாருங்கள்.

பதிவு 8 · வேர்முனை

199 பார்க்கலாம், ஆனால் அதை வைத்து முடிவு கட்ட முடியாது. அந்த எண் இணைப்பில் பிடிபட்ட சிஆர்சி பிழைகளைக் காட்டுவது. பிடிபட்டது மறுபடி அனுப்பப்படும், ஆக அது தானாகக் கள்ளத்தனமான கெடுதலை உண்டாக்காது. 12-ஐயும் 192-ஐயும் பாருங்கள்: மின்னிணைப்புச் சுற்றுகள், மின்தடையால் தலை ஒதுங்கிய எண்ணிக்கை. இரண்டு வட்டும் ஒரே பெட்டியில், ஒரே நாளில் மாட்டியவை என்றால் 12 இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாம் வட்டில் மட்டும் கூடுதலாக இருந்தால், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டுக்கு மின்சாரம் அறுந்து வந்திருக்கிறது. டிமெசெக்கில் "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" வரிகளும் இருக்கும்.

5, 197, 198 மூன்றும் வட்டுப் பரப்பின் நலம். 197 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் வட்டு மீதே சந்தேகம்.

பதிவு 9 · ஓடைக்கல்

5, 197, 198 இரண்டு வட்டிலும் பூஜ்யம். 199: முதல் வட்டு 0, இரண்டாம் வட்டு 37. 12: முதல் வட்டு 118, இரண்டாம் வட்டு 141. ஒரே நாளில் மாட்டியவைதான். லிங்க் ரீசெட் வரிகள் ஜர்னலில் நிறைய உள்ளன, எல்லாம் இரண்டாம் வட்டின் போர்ட்டில். இரண்டாம் வட்டின் மின்னிணைப்பு ஒரு பிரிப்பான் வழியாக வருகிறது.

பதிவு 10 · அடுக்குமரம்

23 சுற்று கூடுதல். பிரிப்பானை எடுத்துவிட்டு மின்வழங்கியிலிருந்து நேரடி முனை கொடுங்கள், சாட்டா கேபிளையும் சேர்த்தே மாற்றுங்கள். வட்டு நன்றாகவே இருக்கலாம். சரி செய்தபின் 12 கூடுகிறதா என்று கவனித்தால் போதும். மின்னிணைப்பு மாற்றியும் எழுத்து காணாமல் போனால் 'எச்டிபார்ம்' கட்டளையில் 'டபிள்யூ 0' கொடுத்து வட்டின் எழுத்துக் கேஷை அணைத்துச் சோதியுங்கள். வேகம் குறையும், ஆனால் ஃபர்ம்வேர் ஃப்ளஷ் கட்டளையை மதிக்கிறதா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

இந்த 23 பிளாக்கும் முதல் வட்டில் நன்றாக இருப்பதால் ஸ்க்ரப் தானே சரிசெய்துவிடும். ஆனால் ஸ்க்ரப் கடைசியில். ரேம் சோதனை முதலில்.

ஒற்றை வட்டில் இதே கோளாறு மெட்டாடேட்டாவில் வந்தால் "பேரன்ட் டிரான்ஸ்ஐடி வெரிஃபை ஃபெயில்டு" என்ற வரியில் நிற்கும். அங்கே தப்பிக்க நல்ல பிரதி இருக்காது. 'ரெஸ்க்யூ=யூஸ்பேக்கப்ரூட்' முயலலாம், இல்லையேல் 'ரெஸ்க்யூ=ஆல்' கொடுத்து வாசிப்பு மட்டும் மவுன்ட் செய்து எடுக்க முடிந்ததை எடுக்க வேண்டியதுதான்.

பதிவு 11 · கணு257

'ஆ' வரிகளை யாரும் தொடவில்லை. மெய்நிகர் கணினியின் வட்டு அமைப்பில் கேஷ் வகை 'நன்' என்று இருக்கிறதா? அந்தப் பதினொரு வரிகளில் மிரர் 1, மிரர் 2 கணக்கிட்ட மதிப்புகள் ஒன்றா, வேறா?

பதிவு 12 · ஓடைக்கல்

கேஷ் 'நன்' தான். மூன்று ஆஃப்செட்டில் இரண்டு மிரரும் பிழை, ஆனால் மதிப்புகள் வேறு வேறு. மற்ற ஐந்தில் ஏதாவது ஒரு மிரர் மட்டும்.

பதிவு 13 · கணு257

இது ரேமும் அல்ல, வட்டும் அல்ல. கேஷ் 'நன்' என்றால் படிமத்துக்கு நேரடி எழுத்து நடக்கிறது: விருந்தினர் கணினியின் (மெய்நிகர் கணினியின்) நினைவகப் பக்கமே வட்டுக்குப் போகிறது, இடையில் நகல் கிடையாது. செக்சம் கணக்கிட்ட பிறகும் வட்டு அதை இழுத்துக்கொள்ளும் முன்பும் விருந்தினர் அந்தப் பக்கத்தை மாற்றினால், செக்சம் பழைய உள்ளடக்கத்துக்கு, வட்டில் இருப்பது புதிய உள்ளடக்கம். இரண்டு வட்டும் சற்று வேறு நேரத்தில் இழுப்பதால் ஒன்று சரியாகவும் மற்றது தவறாகவும், அல்லது இரண்டும் வெவ்வேறு விதமாகத் தவறாகவும் போகலாம். உங்கள் வரிகள் அச்சு அசலாக அதே வடிவம்.

எக்ஸ்டி4-இல் இதே நடக்கும், அங்கே டேட்டாவுக்குச் செக்சம் இல்லாததால் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் விருந்தினர் அந்தப் பக்கத்தை மறுபடி எழுதுவார், அல்லது அது அவருக்குத் தேவைப்படாத ஸ்வாப் போன்ற இடமாக இருக்கும். ஆக உள்ளடக்கம் உண்மையில் கெடவில்லை என்ற வாய்ப்பே அதிகம்.

மீட்பது: கோப்பு முறைமை முழுவதையும் அன்மவுன்ட் செய்து, 'வாசிப்பு மட்டும்' மற்றும் 'ரெஸ்க்யூ=இக்னோர்டேட்டாசெக்சம்ஸ்' விருப்பங்களோடு மவுன்ட் செய்யுங்கள். ஒரு சப்வால்யூமுக்கு மட்டும் இதைக் கொடுக்க முடியாது. படிமத்தை வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, விருந்தினருக்குள் அதன் சொந்தக் கோப்பு முறைமைச் சோதனையை ஓட்டுங்கள். சுத்தமாக வந்தால் அதுவே உங்கள் புதிய படிமம்.

இனி வராமல் இருக்கக் கேஷை 'ரைட்பேக்' ஆக்குங்கள். அண்மைய கெர்னல்கள், செக்சம் உள்ள கோப்புக்கு நேரடி எழுத்து கேட்டாலும் இடைநினைவகம் வழியாகவே எழுதுகின்றன. பழையவற்றில் அந்தக் காப்பு கிடையாது.

பதிவு 14 · நீலத்திரை

படிமங்களுக்கு 'சிஎச்அட்டர் பிளஸ் சி' போட்டுவிட்டால் எளிதாக முடியாதா?

பதிவு 15 · கணு257

பிழைச் செய்தி முடியும். அது போட்ட கோப்புக்குக் காப்பி-ஆன்-ரைட்டும் (பழையதன் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவது) இல்லை, செக்சமும் இல்லை, கம்ப்ரஷனும் இல்லை. ரெய்டு1-இல் இரண்டு பிரதியும் வேறுபட்டால் எது சரி என்று சொல்ல எந்த வழியும் இருக்காது. வாசிக்கும் நேரத்தில் எந்தப் பிரதி கிடைக்கிறதோ அதுதான். இப்போது இவருடைய இரண்டாம் வட்டு எழுத்தை இழந்துகொண்டிருக்கிறது. இந்த நிலையில் 'சி' போட்ட படிமம் இருந்திருந்தால் விருந்தினர் சில சமயம் பூஜ்யங்களை வாசித்திருப்பார், ஸ்க்ரப் வாய் திறந்திருக்காது. வேகத்துக்காக அதை ஒற்றை வட்டில், தனி பேக்கப்போடு வைப்பவர்களிடம் நான் வாதிட மாட்டேன். இங்கே வேண்டாம்.

ஏற்கெனவே டேட்டா உள்ள கோப்புக்கு அதைப் போட்டுப் பயனும் இல்லை. காலிக் கோப்புக்கோ, கோப்பகத்துக்கோ போட்டு, பிறகு உள்ளே புதிதாக எழுத வேண்டும்.

பதிவு 16 · ஓடைக்கல்

மெம்டெஸ்ட்86+ இரவு முழுக்க ஓடியது. முதல் இரண்டு சுற்று சுத்தம். மூன்றாவதில் 4 பிழை, ஐந்தாவதில் 2. எல்லாம் அருகருகே உள்ள முகவரிகள், எல்லாவற்றிலும் ஒரே பிட். இரண்டு ரேம் பலகைகள். எக்ஸ்எம்பி (ரேமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) இயக்கத்தில் இருக்கிறது.

பதிவு 17 · அடுக்குமரம்

ஒரு சுற்று பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் கைக்கு எட்டியிருக்காது. எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டுங்கள், பிழை தொடர்ந்தால் ஒவ்வொரு பலகையாகத் தனியே. ஒரே பிட், ஒரே பகுதி என்றால் அநேகமாகப் பலகைப் பழுதுதான். பலகை வரும்வரை கணினி அவசியம் ஓட வேண்டுமானால், பழுதான பலகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாதி ரேமில் ஓடட்டும்.

இனி அந்த 'அ' கோப்பு. பேக்கப் இருக்கிறதா? இல்லையென்றாலும் கைவிட வேண்டாம். ஒற்றைப் பிட் புரண்டிருந்தால் அதைக் கண்டுபிடித்துத் திருப்ப முடியும்.

பதிவு 18 · ஓடைக்கல்

அந்தக் கோப்புக்கு பேக்கப் இல்லை. ஸ்னாப்ஷாட்டில் இருக்கிறது, அங்கும் அதே பிழை. எப்படித் திருப்புவது?

பதிவு 19 · அடுக்குமரம்

ஸ்னாப்ஷாட்டில் இருப்பது இன்னொரு நகல் அல்ல, அதே எக்ஸ்டென்ட்டுக்கு (வட்டில் தொடர்ச்சியாக இருக்கும் டேட்டாத் துண்டு) இன்னொரு வழி. அதனால் அதே பிழை.

எதிர்பார்த்த செக்சம் உங்களிடம் இருக்கிறது. கெட்ட பிளாக்கும் இருக்கிறது. பிளாக்கில் 4096 × 8 = 32768 பிட்டுகள். ஒவ்வொன்றாகப் புரட்டி, சிஆர்சி32சி கணக்கிட்டு, எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டால் போதும். பைத்தானில்கூடச் சில நிமிட வேலை. இந்த நீளத்துக்கு சிஆர்சி32சி எந்த இரண்டு பிட் மாற்றத்தையும் தவறவிடாது என்பதால், ஒற்றைப் பிட் விடை கிடைத்தால் அது ஒன்றுதான் இருக்கும். பல பிட் புரண்ட பிளாக் தற்செயலாக ஒற்றைப் பிட் விடைபோல் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 131072-இல் ஒன்று.

வேலை வரிசை: ரேமை மாற்றிய பிறகே தொடங்குங்கள். கணு257 சொன்ன இக்னோர்டேட்டாசெக்சம்ஸ் மவுன்ட்டில் இருக்கும்போதே, 'டிடி' கட்டளையில் பிஎஸ்=4096, ஸ்கிப்=18, கவுன்ட்=1 கொடுத்து பிளாக்கை வேறு வட்டில் ஒரு கோப்பாக எடுங்கள். 73728-ஐ 4096-ஆல் வகுத்தால் 18. ஸ்கிரிப்ட்டில் கவனிக்க வேண்டியது, பைத்தானின் இசட்லிப்பில் உள்ள சிஆர்சி32 வேறு பல்லுறுப்புக்கோவை, அது உதவாது. காஸ்டக்னோலி வகை வேண்டும், தொடக்க மதிப்பில் எல்லாப் பிட்டும் 1, முடிவில் எல்லாப் பிட்டையும் புரட்ட வேண்டும். எழுதியது சரியா என்று சோதிக்க 4096 பூஜ்ய பைட்டைக் கொடுங்கள், 98எஃப்94189 வர வேண்டும். 6.6 கெர்னல் பைட் வரிசை திருப்பி அச்சிடுகிறது என்பது உங்கள் 8941எஃப்998-இலிருந்தே தெரிகிறது, ஆகவே எதிர்பார்த்த மதிப்பையும் பைட் பைட்டாகத் திருப்பி ஒப்பிடுங்கள்.

விடை கிடைத்தால் சாதாரணமாக மவுன்ட் செய்து, திருத்திய பிளாக்கை 'டிடி' கொண்டு பிஎஸ்=4096, சீக்=18, கான்வ்=நோட்ரங்க் என்று எழுதுங்கள். நோட்ரங்க் மறந்தால் கோப்பு அங்கேயே வெட்டுப்படும், எனவே முதலில் கோப்பின் முழு நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழு பிளாக்காக, 4096 எல்லையில் எழுதுவது முக்கியம். ஒரு பைட்டை மட்டும் எழுதப் போனால் கெர்னல் பழைய பிளாக்கை வாசிக்க முயன்று அதே பிழையில் நிற்கும்.

இது கம்ப்ரஷன் இல்லாத கோப்புக்கு மட்டும். கம்ப்ரஷன் இருந்தால் செக்சம் சுருங்கிய பைட்டுகளுக்குப் போடப்படுகிறது, கோப்பிலிருந்து எடுக்கும் பிளாக்கோடு பொருந்தாது. ஒரு பிளாக் கெட்டால் 128 கிபிபைட் வரை வாசிக்க முடியாமல் போகும். அப்போது வட்டின் நேரடி இடத்திலிருந்து எடுத்துத்தான் தேட வேண்டும்.

பதிவு 20 · வேர்முனை

நகல் எடுக்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. கோர்யூட்டில்ஸ் 9.0-இலிருந்து 'சிபி' இயல்பாகவே ரீஃப்லிங்க் முயலும். ஒரே கோப்பு முறைமைக்குள் 'சிபி' செய்தால் ஒரு பைட்டும் வாசிக்காமல் அதே கெட்ட எக்ஸ்டென்ட்டைச் சுட்டும் இன்னொரு கோப்பு உருவாகும், பிழையும் வராது. "நகல் எடுக்க முடிந்தது, ஆகக் கோப்பு நலம்" என்று நினைத்துவிடக் கூடாது. 'ரீஃப்லிங்க்=நெவர்' கொடுங்கள், அல்லது வேறு வட்டுக்கு எடுங்கள்.

இன்னொன்று, எனக்கு உண்மையில் கவலை தருவது. செக்சம் போட்ட பிறகு புரண்ட பிட்தான் நமக்குத் தெரிகிறது. செக்சம் போடும் முன்பே புரண்டிருந்தால் கெட்ட டேட்டாவுக்குச் சரியான செக்சம், ஸ்க்ரப் அதை நல்லது என்றே சொல்லும். இந்த ரேம் இருந்த காலத்தில் எழுதியவை எல்லாம் அந்தச் சந்தேகத்துக்கு உட்பட்டவை. பழைய பேக்கப்போடு 'ஆர்சிங்க்' கட்டளையை 'சி' மற்றும் 'என்' விருப்பங்களோடு ஓட்டுங்கள். உள்ளடக்கத்தை ஒப்பிடும், எதையும் எழுதாது. மாற்றத் தேதி ஒன்றாக இருந்தும் உள்ளடக்கம் வேறாக வரும் கோப்புகளைக் கையால் பாருங்கள். கணினியின் சொந்தக் கோப்புகளுக்கு டெபியன் வகையில் 'டெப்சம்ஸ்', ஆர்பிஎம் வகையில் 'ஆர்பிஎம் வி-ஏ', ஆர்ச்சில் 'பேக்மேன் க்யூ-கேகே'.

மெட்டாடேட்டாவில் புரண்டிருந்தால் "கரப்ட் லீஃப்" என்று டிரீ-செக்கர் நிறுத்தியிருக்கும். அந்த வரியில் எண்ணைப் பார்த்தாலே பல நேரம் தெரியும்: ஐநோட் 257 இருக்க வேண்டிய இடத்தில் 4294967553 என்று இருந்தால், வித்தியாசம் சரியாக 2-இன் 32-ஆம் அடுக்கு. ஒரு பிட். இவருக்கு அப்படி எதுவும் வரவில்லை என்பது நல்ல செய்தி. ஆனாலும் அன்மவுன்ட் செய்து 'செக்' கட்டளையை ரீட்-ஒன்லியில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

பதிவு 21 · ஓடைக்கல்

எக்ஸ்எம்பி அணைத்தும் பிழை தொடர்ந்தது, ஒரு பலகையில் மட்டும். அதைக் கழற்றியபின் எட்டுச் சுற்று சுத்தம். மின்முனை, சாட்டா கேபிள் மாற்றியாயிற்று. 'செக்' ரீட்-ஒன்லி: பிழை இல்லை.

பிளாக் 18: பைட் 2611-இல் பிட் 5. ஒரே விடைதான் வந்தது. மெம்டெஸ்ட் காட்டியதும் அதே பிட் நிலை. எழுதியபின் கோப்பு முழுக்க வாசிக்க வருகிறது, படமும் சரியாகத் திறக்கிறது. படிமத்தை வெளியே எடுத்துச் சோதித்ததில் விருந்தினரின் கோப்பு முறைமை சுத்தம். கேஷ் ரைட்பேக் ஆக்கி, புதிய படிமத்தை வைத்துப் பழையதை அழித்துவிட்டேன்.

முழு ஸ்க்ரப்: 'இ' பிளாக்குகள் கரெக்டட். ஆனால் இன்னும் 4 'அன்கரெக்டபிள்'. இரண்டு, பிளாக் 18-இன் பழைய இடம். மற்ற இரண்டுக்கு டிமெசெக்கில் லாஜிக்கல் முகவரி மட்டும் வருகிறது, பாதை இல்லை.

பதிவு 22 · கணு257

முதல் இரண்டு, ஸ்னாப்ஷாட்டில் இருக்கும் பழைய பிளாக்கின் இரண்டு பிரதிகள். கோப்பைத் திருத்தியபோது காப்பி-ஆன்-ரைட் புதிய இடத்தில் எழுதியது, ஸ்னாப்ஷாட் பழைய இடத்தையே பிடித்திருக்கிறது. 'இன்ஸ்பெக்ட்-இன்டர்னல் லாஜிக்கல்-ரிசால்வ்' கட்டளைக்கு அந்த லாஜிக்கல் முகவரியைக் கொடுத்தால் யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். அந்த ஸ்னாப்ஷாட்களை அழித்தால்தான் போகும். அவற்றின் ரீட்-ஒன்லி தன்மையை நீக்கி உள்ளே திருத்தலாம் என்று தோன்றும். சென்ட்/ரிசீவ் கொண்டு தொடர் பேக்கப் எடுப்பவர் அதைச் செய்தால் சங்கிலி அறும்.

பாதை இல்லாத இரண்டும் இன்னொரு பிளாக்கின் இரு பிரதிகளாகத்தான் இருக்க வேண்டும். ஒரு எக்ஸ்டென்ட்டின் நடுப்பகுதியை மட்டும் மாற்றி எழுதினால், பழைய எக்ஸ்டென்ட் முழுவதும் வட்டில் நிற்கும், மீதிப் பகுதியை யாராவது பயன்படுத்தும்வரை. கெட்ட பிளாக் அந்த நடுப்பகுதியில் இருந்தால் எந்தக் கோப்பும் அதை வாசிக்காது, ஸ்க்ரப் மட்டும் வாசிக்கும். லாஜிக்கல்-ரிசால்வில் ஆஃப்செட்டைப் புறக்கணிக்கும் 'ஓ' விருப்பம் கொடுத்தால் எக்ஸ்டென்ட்டைப் பிடித்திருக்கும் கோப்பு தெரியும். அந்தக் கோப்பை ரீஃப்லிங்க்=நெவர் கொடுத்து நகலெடுத்துப் பெயர் மாற்றி வையுங்கள். பழைய எக்ஸ்டென்ட் விடுபடும்.

பதிவு 23 · ஓடைக்கல்

'ஓ' கொடுத்ததும் ஒரு தரவுத்தளக் கோப்பு வந்தது. தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு நகலெடுத்து மாற்றினேன், மூன்று ஸ்னாப்ஷாட்டை அழித்தேன். ஸ்க்ரப்: பிழை 0. 'டிவைஸ் ஸ்டாட்ஸ்' எண்ணிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது.

பதிவு 24 · வேர்முனை

அது தானாக இறங்காது, வட்டிலேயே சேமிக்கப்படும் எண். 'இசட்' விருப்பத்தோடு ஓட்டிப் பூஜ்யமாக்குங்கள். இரண்டாம் வட்டின் 12-ஆம் எண்ணை இன்றைய தேதியோடு குறித்து வையுங்கள், அடுத்த மாத ஸ்க்ரப்பின்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.